பெரிய இடத்துக்குப் போகும் கஷாயம்

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரி ஆண்டுதோறும் தரும் டயரி இது. ஜனவரி முதல் மே வரை ஒன்றும் எழுதவில்லை. ஆய்வகத்தில் எழுதும் குறிப்புகளே எனக்குப் போதும் என்று இருந்தேன். இன்று எழுதத் தோன்றுகிறது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

காஸ் பதிவு செய்தேன். மாடித் தொட்டி கசிகிறது, பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மனைவி வடிவு மதினியின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது.

இடது மார்பில் இருப்பது புற்றுதான். சின்னது, சுண்டைக்காய் அளவு. அக்குளுக்குப் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை. டாக்டர் மெஹருன்னிசா தாளில் படம் வரைந்து காட்டினார். கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு. இந்தக் கட்டத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள் என்றார். ஆபரேஷன் ஜூன் 26, வியாழன்.

மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், கல்யாணம் ஆகிவிட்டதா, பாலிசி ஏதும் போட்டிருக்கிறாயா என்று விசாரித்தாள். மதினி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். யாருக்கு எப்போது என்ன நேரும் என்று சொல்ல முடியாது என்பதைப் பாளையங்கோட்டை முழுக்கச் சிரித்த முகத்தோடு சொல்லிவருகிறவள்.

ஸ்கூட்டரில் அவள் ஓட்ட நான் பின்னால் இருந்தேன். முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "ஆபரேஷன்லாம் வேண்டாம்ட்டி உலகு. நான் கஷாயம் குடிக்கேன்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

ஜூன் 4, புதன்

பிளம்பர் வரவில்லை. மதினி கஷாயம் குடிக்கத் தொடங்கிவிட்டாள். வீடு முழுக்க ஓம வாடை.

ஜூன் 6, வெள்ளி

மதினியோடு பேசினேன். அதாவது நான் பேசினேன், அவள் வெண்டைக்காய் நறுக்கினாள்.

கஷாயம் தென்காசிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் சொன்னது. சீந்தில் தண்டு, சுக்கு, ஓமம். இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். இவற்றில் எதுவும் கட்டியைக் கரைக்காது என்று நான் சொல்வதற்குத் தகுதி உண்டு. பதினெட்டு வருடமாக என் வேலையே அதுதான். செடி கொடிகளை அரைத்து, வடித்து, ஆய்வகத்தில் வளரும் புற்றுநோய் செல்கள் மேல் ஊற்றிப் பார்ப்பது. ஊரில் உள்ள களை எல்லாம் என் மேஜைக்கு வந்து போய்விட்டது. செல்கள் ஒன்றையும் சட்டை செய்ததில்லை.

"மாத்திரை குடுத்தா ஆள் வீட்ல இருக்கும். கத்தி வச்சா..." என்றவள் மீதியை வெண்டைக்காயிடம் விட்டுவிட்டாள்.

அண்ணன் இரண்டு வருடம் முன்பு இதய ஆபரேஷனுக்குத் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து போனார். அதைப் பற்றி நானும் மதினியும் பேசுவதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஆகவே ஒரு யோசனை சொன்னேன். கஷாயத்தை என் லேபுக்குக் கொடுங்கள். மார்புப் புற்று செல்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை ஒன்றும் செய்யவில்லை என்றால் 26-ஆம் தேதி ஆபரேஷனுக்கு வர வேண்டும்.

"செஞ்சா?"

"செய்யாது."

"செஞ்சாங்கேன்."

"செய்யாது மதினி."

"அப்பம் கையடி. செஞ்சா ஆபரேஷன் கிடையாது."

வெண்டைக்காய் கொழகொழத்த கையை நீட்டினாள். அடித்தேன். முடிவு முன்கூட்டியே தெரிந்த சோதனையைச் செய்வது அறிவியல் ஆகாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். வீட்டில் அது பரவாயில்லை.

ஜூன் 9, திங்கள்

விடுமுறை நாளாக இருந்தும் நேற்று முழுவதும் நாகர்கோவிலில் ஒரு வாய்மொழித் தேர்வு. திரும்பியபோது அடுக்களை கழுவித் துடைத்துக் கிடந்தது. மதினியின் கையில் புளி வாடை. இரவுச் சாப்பாடு தயிர்சாதம்.

காலையில் பிளாஸ்கைக் கொடுத்தாள். மூடிமேல் துணி கட்டி, துணிமேல் குங்குமம். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். என்னிடம் மூன்றாம் வருடமாக ஆராய்ச்சி செய்யும் பெனிட்டா அதைப் பார்த்துவிட்டு, குங்குமமும் மாதிரியில் சேர்த்தியா மேடம் என்று கேட்டாள். சேர்த்தி இல்லை என்றேன்.

கஷாயம் சற்றுப் பச்சை கலந்திருந்தது. சீந்தில் என்று நினைத்துக்கொண்டேன். வடிகட்டி, புளிப்பைச் சரிசெய்து, செல்கள் இருந்த தட்டில் விட்டோம். பக்கத்துக் குழிகளில் வெறும் தண்ணீர், வெறும் எலுமிச்சை நீர். இரண்டு நாள் கழித்துச் சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும். செல் உயிரோடு இருந்தால் ஊதா. செத்திருந்தால் மஞ்சள்.

பிளம்பர் வந்து, தொட்டியைப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 11, புதன்

மஞ்சள்.

கஷாயம் விட்ட எல்லாக் குழியும் மஞ்சள். தண்ணீர் விட்டதும் எலுமிச்சை விட்டதும் கத்தரிப்பூ ஊதா. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் சுருண்டு, தட்டிலிருந்து கழன்று, புயலுக்குப் பின் வாழைத்தோட்டம் போலக் கிடந்தன. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மிகவும் நிதானமாக, ஏதோ தவறு நடந்திருக்கிறது, திரும்பச் செய் என்றேன். பிறகு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் வேறு யாரோ ஒருவரின் கோப்பையில் காபி குடித்துவிட்டேன்.

மதினி கேட்டாள். இன்னும் முடியவில்லை என்றேன்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. இது ஒரே ஒரு சோதனை. ஒரே ஒரு மாதிரி.

மாடித் தொட்டி கசிவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழகாகத்தான் கசிகிறது.

ஜூன் 14, சனி

மறுபடியும் மஞ்சள். குறைந்த அளவிலும் மஞ்சள். பத்தில் ஒரு பங்காக நீர்த்தாலும் மஞ்சள். பெனிட்டா தன் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். இத்தனை வருடமாக ஊதாவையே பார்த்துவந்த கண்ணுக்கு இந்த மஞ்சள் சாமந்தித் தோட்டம் மாதிரி இருந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் இருந்தது.

திரும்பும் வழியில் அல்வா வாங்கினேன். நான் அல்வா சாப்பிடுவதில்லை. பக்கத்துக் கடையில் மல்லிகைப்பூ வாங்கினேன். பூ வைப்பதும் இல்லை. ஆட்டோவில் ஏதோ முனகிக்கொண்டே வந்திருக்கிறேன். டிரைவர், "அக்கா, மக கல்யாணமா?" என்று கேட்டார்.

மதினி கதவைத் திறந்து அல்வாவைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செத்துட்டுல்லா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு நேரம் தேவைப்படும். அந்த நேரத்தை அவள் தரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மூட்டுவலிக்கு அந்தக் கஷாயம் ஆகுமா என்று கேட்டார். மதினி வாசலில் நின்று, "எங்க உலகம்மை லேசுல ஒத்துக்கிட மாட்டா. அவளே ஒத்துக்கிட்டா பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை என் சந்தேக புத்தியை யாரும் இவ்வளவு புகழ்ந்ததில்லை.

ஆபரேஷனை ரத்து செய்யச் சொன்னாள். கையடித்திருக்கிறோம் என்று நினைவூட்டினாள். சரி என்றேன்.

அல்வா தீர்ந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு நான்தான்.

ஜூன் 16, திங்கள்

சனிக்கிழமை இன்னொரு தட்டும் வைத்திருந்தேன். அதில் இருந்தவை புற்று செல்கள் இல்லை, சாதாரணத் தோல் செல்கள். அவையும் மஞ்சள்.

இப்படி இருந்தால் அது மருந்து இல்லை, எல்லாவற்றையும் கொல்லும் ஏதோ ஒன்று. சோப்புத் தண்ணீரும் செல்லைக் கொல்லும், கொதிநீரும் கொல்லும். சந்தோஷமாக வீட்டுக்கு ஓடிவந்து மதினியிடம் இதை விளக்கினேன். நல்லதையும் கெட்டதையும் பார்க்காமல் கொல்கிறது என்றேன்.

"ஆஸ்பத்திரியில குடுக்க மருந்தும் அப்படித்தானட்டி? பக்கத்துத் தெரு மாரியப்பன் பொண்டாட்டிக்கு முடி பூராம் கொட்டிட்டே."

பதில் உண்டு, ஆனால் அது நாற்பத்தைந்து நிமிட வகுப்பு. அதுவரை அவள் உட்கார மாட்டாள்.

இன்னொன்றும் யோசித்தேன். தட்டில் இப்படிக் கொல்வது வயிற்றில் என்ன செய்யும்? இரண்டு வாரமாகக் குடிக்கிறாளே. வாந்தி, தலைசுற்றல், எதுவும் உண்டா என்று கேட்டேன். கல்லாட்டம் இருக்கேன் என்றாள். இருக்கிறாள். காலையில் மூன்று பாலிசி பிடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அதுதான் புரியவில்லை.

ஜூன் 18, புதன்

முதல் பிளாஸ்க் கிட்டத்தட்டக் காலி. மதினி இன்னொரு பிளாஸ்க் கொடுத்திருந்தாள், இந்த முறை குங்குமம் இல்லாமல். திங்கள் காலை விட்டோம். இன்று சாயம் ஊற்றினோம்.

ஊதா. முழுக்க ஊதா. தண்ணீர்க் குழிக்கும் கஷாயக் குழிக்கும் வித்தியாசமே இல்லை.

பெனிட்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாயம் பழையதா, செல் மாறிப்போயிற்றா என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். நானும் ஏமாற்றம் அடைந்தேன். ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு எனக்கு வந்தது ஏமாற்றம் இல்லை, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. 26-ஆம் தேதிக்கு எட்டு நாள் மட்டும் இருக்கிறது. ஒரே கஷாயம், ஒரே கை. ஒரு முறை சர்வநாசம், ஒரு முறை சர்பத். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கினேன். வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

வைத்தியருக்குப் போன் செய்தேன். அவரோடு சண்டை போடுவதற்குக் குறிப்புகள் தயாரித்து வைத்திருந்தேன். என் படிப்பு, பதவி, சட்டம் மூன்றும் முதல் வாக்கியத்திலேயே வரும்படி.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அது பசிக்குக் குடுத்ததும்மா. ஆபரேஷன் பண்ணினா வாய் கசக்கும், சாப்பாடு எறங்காது. முடிஞ்சு வந்தபொறவு குடிங்கன்னு சொன்னேன். கட்டிக்கு என்கிட்ட மருந்து கெடையாதுன்னு அந்தம்மாட்ட ரெண்டு மட்டம் சொல்லியாச்சே."

குறிப்புகளை மடித்து வைத்தேன். சுக்கும் ஓமமும் பசியைத் தூண்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றேன். அவர், "நல்லா இருங்க தாயி" என்று வைத்துவிட்டார்.

மதினியிடம் எதுவும் சொல்லவில்லை. இது அவளுக்குத் தெரியாத செய்தி இல்லையே.

ஜூன் 20, வெள்ளி

காலை. மதினி அவள் பங்கை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் போணி, எப்போதும் கஷாயம் அதில்தான். பழுப்பு நிறம். பச்சை இல்லை.

முதல் தடவை எனக்குக் கொடுத்ததும் இதில் காய்ச்சியதுதானே என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதுலயா? இந்த நசுங்குன போணியில காய்ச்சியா காலேஜுக்குக் குடுத்து விடுவேன்? பெரிய எடத்துக்குப் போவுதேன்னு பரண்ல கெடந்த செம்புத் தவலைய எறக்கி, புளி போட்டு வெளக்கி, ராத்திரி பூராம் அதுலயே ஊற வச்சுல்லா குடுத்தேன். நாலு பேர் பாக்க எடம். நம்ம வீட்ட ஒரு சொல் சொல்லிரப்பிடாதுன்னு."

"ரெண்டாவது?"

"அதான் ஒரு மட்டம் பாத்துட்டாவளே. இனி என்ன பவுசு?"

நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈயம் பூசாத செம்பு. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று ஆக்கிய செம்பு. அதில் எலுமிச்சை பிழிந்த கஷாயம் இரவெல்லாம் ஊறியிருக்கிறது. புளிப்பு செம்பைக் கரைக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கரைந்த செம்பு எந்தச் செல்லையும் கொல்லும். அந்தப் பச்சை சீந்தில் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. மதினி முதலில் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு, ஏன் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

செம்பை அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அது விருந்தாளிக்கு.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பெனிட்டா ஜெபம் முடிந்து நேராக லேபுக்கு வந்தாள். வெள்ளியன்று தவலையில் வெறும் எலுமிச்சை நீரை ஒரு பகல் ஊறவைத்து மாலையில் செல்கள் மேல் விட்டிருந்தோம். மஞ்சள். அதே நீரில் செம்பைப் பிடித்து முடக்கிவைக்கும் ரசாயனம் ஒன்றைக் கலந்து விட்ட குழிகள் ஊதா. தவலையில் காய்ச்சிய பழைய கஷாயத்தில் பிளாஸ்கின் அடியில் மிஞ்சியிருந்த துளிகளில் அன்றே அதைக் கலந்து விட்டிருந்தோம், அதுவும் ஊதா.

முடிந்தது. பதினெட்டு வருடத்தில் கிடைத்த ஒரே வெற்றி, தவலை. ஒரு கண்டுபிடிப்பு தகர்ந்ததற்கு இவ்வளவு ஆனந்தப்பட்ட இருவர் வேறு எங்கும் இருக்க மாட்டார்கள். பெனிட்டா கைதட்டினாள். நானும்.

ஜூன் 23, திங்கள்

மதினியிடம் எல்லாவற்றையும் தெளிவாக, வரிசையாகச் சொன்னேன். கொன்றது கஷாயம் இல்லை, செம்பு. நீங்கள் இவ்வளவு நாள் குடித்ததில் செம்பு கிடையாது. எனவே அது கட்டியை ஒன்றும் செய்யாது. பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"அப்பம் தவலையில காய்ச்சிக் குடிச்சுருதேன்."

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் எழுந்து தவலையிடம் போனாள். நானும் போனேன். இரண்டு வயதான பெண்கள் ஒரு தவலையின் இரண்டு பக்கக் காதையும் பிடித்துக்கொண்டு நின்றதை நல்லவேளை தாசில்தார் பார்க்கவில்லை. அது விஷம், குடலைப் புண்ணாக்கும், ஈரலைக் கெடுக்கும் என்றேன். கொஞ்சமாகக் குடிக்கிறேன் என்றாள். ஒரு துளிகூடக் கூடாது என்றேன். நான் இளையவள், இழுத்துவிட்டேன்.

செருப்பைக்கூட மாற்றாமல் தவலையோடு ஆட்டோ ஏறினேன். இப்போது அது கல்லூரியின் குளிரறையில், பூட்டுக்குள் இருக்கிறது. துறைத்தலைவர் எதிரே வந்தார். புதிய உபகரணம் என்றேன். முதல் முறையாக எந்த விளக்கமும் கேட்காமல் வாழ்த்தினார்.

இரவு மதினியின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. வைத்தியர் சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன். அவருக்கு என்ன தெரியும் என்றாள். கொஞ்சம் கழித்து, "பசிக்குத்தான்னு எனக்கும் தெரியும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

லேபுக்குக் கூட்டிப்போனேன். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியாது. பேசிப் புரியவைக்க முடியாததைக் காட்டினால் ஒருவேளை. அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய இடம் அல்லவா. பெனிட்டா அதன்மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாள்.

முதலில் தண்ணீர் விட்ட தட்டு. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"சவ்வரிசி கொட்டுனாப்ல இருக்கு. இதுவொ யாருக்குள்ளது?"

கடல் தாண்டி எங்கோ இருந்த ஒரு கன்னியாஸ்திரியின் மார்பிலிருந்து எடுத்தவை, அவர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இவை மட்டும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன என்றேன்.

"அவ்வொ போன பொறவுமா?"

"ஆமா மதினி. வெட்டி எடுக்கலன்னா அது பாட்டுக்கு வளரும். அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

அடுத்த தட்டை வைத்தேன். எவர்சில்வர் போணிக் கஷாயத்தில் நாலு நாள் இருந்தவை. அவள் மதினியாக இருந்து சமைத்த வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன். அவள் முகம் இப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, இதுல கூடுதலா இருக்கு."

பெனிட்டா எண்ணிப் பார்த்திருந்தாள். கூடுதல்தான். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது, பிழை எல்லைக்குள் அடங்குவது. இதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டாடிய மாணவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பெனிட்டா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"எங்கையால காய்ச்சினத வாங்கிக் குடிச்சுட்டு இந்தச் சவம் கொழுத்துப்போய் கெடக்கே." மதினி கண்ணை எடுத்துவிட்டு நேராக என்னிடம் திரும்பினாள். "ஒருத்தரையும் நான் பட்டினி போட்டதில்ல. ஆனா வீட்டுக்குள்ள இருந்து தின்னுட்டு வீட்டுக்காரியவே அழிக்கதுக்கு நான் ஆக்கிப் போட மாட்டேன். வெட்டிப்போடச் சொல்லு."

கோட்டைக் கழற்றினாள். பிறகுதான் நினைவு வந்தது போல, குரல் இறங்கியது. "வியாழக்கெழமைய ரத்து பண்ணிட்டியே. இனி எப்பம் கெடைக்குமோ."

"ரத்து பண்ணல."

"சரின்னியே."

"சரின்னுதான் சொன்னேன். போன் பண்ணுதேன்னு சொல்லல."

"களவாணி" என்றாள். கையை நீட்டினாள். அடித்தேன். பெனிட்டா வேகமாகப் போய் கை கழுவும் தொட்டியைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் மூக்கைச் சிந்தினால் கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சோப்பு, துண்டு, சீப்பு, பாலிசி விண்ணப்பங்கள் ஒரு கட்டு. விண்ணப்பங்களை வெளியே எடுத்து வைத்தேன். திரும்பி உள்ளே போய்விட்டன.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பைக்குக் கை நீட்டினேன். வழக்கமாக விடமாட்டாள். இன்று அவளே தள்ளிவிட்டாள். "நீயே தூக்கு. என் பைய நான் தூக்கிட்டு உள்ள போவமாட்டேன்."

பை கனமே இல்லை.

ஜூன் 26, வியாழன்

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருப்பு அறையில் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தலைகீழாக வைத்துப் படித்திருக்கிறேன். எதிரில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

டாக்டர் மெஹருன்னிசா பதினொன்றரைக்கு வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். சிரித்தார்.

வெளியே நல்ல வெயில். நடைபாதையில் நுங்கு விற்றவரிடம் இருந்தது அனைத்தையும் வாங்கினேன். ஏன் என்று கேட்கக்கூடாது.

ஜூன் 27, வெள்ளி

மதினி விழித்து, தண்ணீர் குடித்து, இரண்டு நர்சுகளின் வயதை விசாரித்தாள். பிறகு என்னை அருகே கூப்பிட்டாள்.

"அத எங்க வச்சிருக்காவ?"

பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பார்மலினில் போட்டு என்றேன்.

"என்ன பாத்திரம்?"

"பிளாஸ்டிக் டப்பா."

"அதுக்கு அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை. அக்குளில் எடுத்துப் பார்த்ததில் இல்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு கதிர்வீச்சு, அதன்பின் தினம் ஒரு மாத்திரை.

அந்தத் தாளை ஆஸ்பத்திரி நடையில் மூன்று முறை படித்தேன். பிறகு பெயரும் வயதும் சரியா என்று பார்த்தேன். பிறகு தாளின் பின்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. பேருந்தில் இறங்க வேண்டிய இடம் போய், அடுத்த இடமும் போய், சமாதானபுரத்திலிருந்து திரும்பி நடந்தேன். மழை தூறியது. குடை பையில்தான் இருந்தது.

பிளம்பர் தொட்டியை அடைத்துவிட்டார். அந்தக் கசிவைப் பார்க்க இனி முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

மதினிக்கு வாய் கசக்கிறது. நாலு நாளாக ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வைத்தியர் சொன்னது போலவே.

டாக்டர் மெஹருன்னிசாவுக்குப் போன் செய்து சேர்மானங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீந்தில் வேண்டாம், மற்றவை சமையலறைப் பொருள்தானே, கொடுங்கள் என்றார். சுக்கைத் தட்டினேன். ஓமத்தை வறுத்தேன். நசுங்கிய எவர்சில்வர் போணியில் காய்ச்சினேன். இறக்கியபின் எலுமிச்சையைப் பிழிந்தேன். மதினி கட்டிலிலிருந்தே எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள். நான் சுக்கு தட்டும் சத்தத்தை வைத்தே, இன்னும் நைசா, இன்னும் நைசா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"என்ன பலகாரம்?"

"இட்லி."

"எத்தன அவிச்ச?"

ஐந்து சாப்பிட்டாள். ஆறாவதைப் பாதியில் வைத்துவிட்டு, சட்னியில் உப்புக் குறைவு என்றாள்.

ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரும் இல்லை. வலி குறைந்ததால் பசித்திருக்கலாம், ரிப்போர்ட் நல்லபடி வந்ததால் பசித்திருக்கலாம், நான் சமைப்பதைப் பார்த்த பயத்தில் பசித்திருக்கலாம். மாணவி யாராவது இதை முடிவு என்று என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மீதி அரை இட்லியை நான் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. மதினி அதற்குள் தூங்கியிருந்தாள், வாயோரத்தில் சட்னியோடு. நாளை காலையிலும் காய்ச்சப்போகிறேன்.